காரில் இருக்கும் 'கறுப்புப் பெட்டி' ஓட்டுநரை வேவு பார்க்கிறதா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறார். "இந்த வாகனத்தில் நிகழ்வுத் தரவுப் பதிவுக் கருவி உள்ளது" என்று கார் கையேட்டில் ஒரு பத்தி இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: நான் ஓட்டுவதெல்லாம் அதில் பதிவாகிறதா? போலீஸும் இன்சூரன்ஸ் கம்பெனியும் என்னைக் கேட்காமலே அதை எடுத்துக்கொள்ள முடியுமா? பேசாமல் கழற்றிப் போட்டுவிடலாமா?

முதலில் சுருக்கமான பதில். அன்றாடம் ஓட்டுவது அந்தக் கருவியில் சேமிக்கப்படுவதில்லை. விபத்தின்போது பதிவானது சட்டப்படி காரின் உரிமையாளருக்குச் சொந்தம், ஆனால் விதிவிலக்குகள் உண்டு. கழற்றவே கூடாது, கழற்றினால் ஏர்பேக் வேலை செய்யாது. இத்தோடு நிறுத்தினால் உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத்தான் கொடுத்திருப்பேன். நீங்கள் கவலைப்படும் கருவியைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய இன்னொரு கருவி அதே காரில் இருக்க வாய்ப்பிருக்கிறது. சட்டம் சிறிய கருவிக்கு நல்ல பூட்டுப் போட்டிருக்கிறது, பெரிய கருவியை ஏறக்குறையத் திறந்தே விட்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிகழ்வுத் தரவுப் பதிவுக் கருவி என்பதை இ.டி.ஆர். என்று சொல்வார்கள். அது தனிப் பெட்டி இல்லை. பெரும்பாலான கார்களில் முன்சீட்டுகளுக்கு நடுவிலோ டாஷ்போர்டுக்கு அடியிலோ பொருத்தியிருக்கும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகம். அந்த யூனிட்டின் முதல் வேலை, மோதல் நடக்கும்போது ஏர்பேக்கை விரிக்கலாமா வேண்டாமா என்று மில்லி நொடிகளில் முடிவெடுப்பது. அதற்காக அது வண்டியின் அதிர்வையும் வேகத்தையும் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். கடைசிச் சில நொடிகளின் தகவல் மட்டும் நினைவில் சுழன்றுகொண்டிருக்கும், புதியது வந்ததும் பழையது போய்விடும். மோதல் நடந்தால்தான் அந்தச் சில நொடிகள் நிரந்தரமாக எழுதப்படும். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களிலேயே இதைத் தொடங்கிவிட்டது. 2000 வாக்கில் பதிவை வாசிக்கும் கருவி வெளிச்சந்தைக்கு வந்தது, இன்று பெரும்பாலும் பயன்படுவது பாஷ் நிறுவனத்தின் கருவி.

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2006-ல் இதற்கென்று ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் தயாரான கார்களுக்கு அது பொருந்தும். அந்த விதி இ.டி.ஆர். கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருந்தால் குறைந்தது இந்த 15 தகவல்களை இந்த முறையில் பதிய வேண்டும், வாசிக்கும் கருவி பணம் கொடுத்தால் கிடைக்க வேண்டும், கையேட்டில் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னது. நீங்கள் பார்த்த பத்தி அதனால் வந்ததுதான். 2012 டிசம்பரில் இதைக் கட்டாயமாக்க ஒரு முன்மொழிவு வந்து, 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பு வந்ததால் அல்ல. 2017 மாடல் புதிய கார்களில் 99.6 சதவீதத்தில் ஏற்கனவே இருந்தது, கட்டாயப்படுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

150 மில்லி நொடிகளுக்குள் வண்டியின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்கு மாறினால் அது 'நிகழ்வு'. சடன் பிரேக் போட்டாலோ வேகத்தடையில் ஏறி இறங்கினாலோ அந்த அளவுக்குப் போகாது. ஏர்பேக் விரிந்த மோதலின் பதிவு பூட்டப்படும், அதன் மேல் வேறொன்று எழுதப்படாது. ஏர்பேக் விரியாத சின்ன மோதல்களின் பதிவை அடுத்து வரும் மோதல் அழித்துவிடலாம். சில பழைய ஜெனரல் மோட்டார்ஸ் மாடல்களில் ஏறக்குறைய 250 முறை இக்னிஷன் போட்ட பிறகு அது தானாகவே அழியும்.

அந்த அறிக்கையை ஒருமுறை பார்த்தாலே பாதி பயம் போய்விடும். பல பக்கம் நீளும் ஒரு பி.டி.எஃப்., அதில் முக்கியமானது ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் −5.0, −4.5, −4.0 என்று அரை நொடி அரை நொடியாக இறங்கி 0 வரை வரும். 0 என்பது மோதல் தொடங்கிய கணம். பக்கத்தில் வேகம், ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம், பிரேக் 'ஆன்' அல்லது 'ஆஃப்'. பல கார்களில் இன்ஜின் சுழற்சியும் ஸ்டியரிங் கோணமும் சேர்ந்து வரும். ஒரு மாதிரி அட்டவணையை வைத்துப் பார்ப்போம். −5.0-லிருந்து −2.0 வரை வேகம் 46 மைல், ஆக்சிலரேட்டர் 20 சதவீதம், பிரேக் ஆஃப். −1.5-ல் ஆக்சிலரேட்டர் 0, பிரேக் இன்னும் ஆஃப். −1.0-ல் பிரேக் ஆன், வேகம் 45. −0.5-ல் 39. 0-வில் 31.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மோதலுக்கு இரண்டு நொடிக்கும் ஒன்றரை நொடிக்கும் இடையில் ஓட்டுநர் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்திருக்கிறார். அடுத்த அரை நொடியில் பிரேக்குக்கு வந்திருக்கிறார், நன்றாகவே அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வண்டி திடீரென்று நுழைந்ததா, அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்து தாமதமாக நிமிர்ந்தாரா, எதிரே வெயில் கண்ணைக் கூசியதா என்றெல்லாம் அட்டவணை சொல்லாது. ஒரே எண்கள் கவனமான ஓட்டுநருக்கும் பொருந்தும், கவனமில்லாதவருக்கும் பொருந்தும். ஒரு வழக்கில் யாராவது இந்த அட்டவணையை மட்டும் காட்டி "கவனக்குறைவு நிரூபணமாகிவிட்டது" என்று வாதிட்டால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். சாலையில் கிடந்த டயர் தடங்கள், வண்டிகளின் சேதம், சாட்சிகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

எண்களும் எப்போதும் வேதவாக்கு இல்லை. வேகம் பெரும்பாலும் சக்கரம் சுழலும் வேகத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பனியிலோ சேற்றிலோ சக்கரம் வழுக்கினால் காட்டும் வேகம் உண்மையான வேகமாக இருக்காது. கம்பெனி கொடுத்த அளவை விட்டுவிட்டு வேறு அளவு டயர் மாட்டியிருந்தாலும் அப்படித்தான். பலத்த மோதலில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பதிவு பாதியில் நிற்கலாம். அதனால்தான் பதிவு முழுமையாக எழுதப்பட்டதா என்பதையே ஒரு தனித் தகவலாகப் பதிய வேண்டும் என்று விதி சொல்கிறது. வழக்கறிஞரோ நிபுணரோ அறிக்கையைக் கையில் வாங்கினால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் இல்லாதவையும் முக்கியம். விதி கேட்கும் 15 தகவல்களில் தேதி இல்லை, மணி இல்லை, விபத்து நடந்த இடம் இல்லை, ஓட்டியவர் பெயர் இல்லை. குரலும் படமும் இல்லை. விமானத்தின் கறுப்புப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பேசுவதால் காருக்குள் பேசுவதும் பதிவாகும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இ.டி.ஆர். அதைச் செய்வதில்லை. ஆனால் உங்கள் கையேட்டுப் பத்தியின் கடைசி வரிகளைத் திரும்பப் படியுங்கள். போலீஸ் போன்ற பிறர் விபத்து விசாரணையில் வழக்கமாகத் திரட்டும் அடையாளத் தகவல்களோடு இந்தப் பதிவைச் சேர்த்துப் பார்க்க முடியும் என்று அதிலேயே இருக்கும். உண்மைதான். விபத்து நடந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், உங்கள் லைசென்ஸ் போலீஸ் கையில் இருக்கிறது. பெட்டிக்குள் பெயர் இல்லாவிட்டால் என்ன, வெளியே இருக்கிறதே.

எவ்வளவு அழுத்தமான சாட்சியாக இது மாற முடியும் என்பதற்குப் பொதுவாழ்க்கையிலிருந்தே இரண்டு உதாரணங்கள். 2007 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் ஜான் கோர்சைன் பயணித்த அரசு வண்டி விபத்துக்குள்ளானது. 65 மைல் வரம்புள்ள சாலையில் 91 மைல் வேகம் என்று பதிவு காட்டியது, ஆளுநர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. 2011 நவம்பரில் மாசசூசெட்ஸ் துணை ஆளுநர் டிம் மர்ரே ஓட்டிய அரசு கார் கவிழ்ந்தது. வேக வரம்புக்குள் ஓட்டினேன், பெல்ட் போட்டிருந்தேன் என்றார். 100 மைலுக்கு மேல், பெல்ட் இல்லை என்றது பதிவு. இந்த இரண்டிலும் ஓடியது மக்கள் பணத்தில் வாங்கிய வண்டி, அதனால் உண்மை வெளியே வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அது ஓட்டுநருக்கு எதிராக மட்டும் பேசும் சாட்சி என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு "இவர் பறந்து வந்தார்" என்று சொல்லும்போது, நீங்கள் வரம்புக்குள் வந்து முறையாக பிரேக் பிடித்ததை அந்த ஐந்து நொடிகள் காட்டிக் கொடுக்கும். காரின் குறைபாட்டைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று 2010-ல் பெரிய புகார் எழுந்தபோது, பாதுகாப்பு நிர்வாகம் விபத்துக்குள்ளான கார்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் பிரேக் மிதித்ததற்கான பதிவே இல்லை. அந்த நேரத்தில் டொயோட்டாவின் பதிவை வாசிக்கும் கருவி வெளிச்சந்தையில் கிடைக்கவில்லை. கார் ஓட்டியவருக்குத் தன் காரே என்ன பதிந்தது என்று பார்க்க வழியில்லை, தயாரித்தவரின் தயவு வேண்டியிருந்தது. என் பார்வையில் அந்தரங்கப் பிரச்சினையின் இன்னொரு பக்கம் இது. தரவு யார் கண்ணில் படக்கூடாது என்பது எவ்வளவு முக்கியமோ, உரிமையாளர் கண்ணில் படவேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம்.

சரி, யார் எடுக்கலாம்? 2015 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் ஓட்டுநர் அந்தரங்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இ.டி.ஆர். பதிவு காரின் உரிமையாளருக்குச் சொந்தம், லீசுக்கு எடுத்த கார் என்றால் லீஸ் எடுத்தவருக்குச் சொந்தம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. வேறு யாரும் எடுக்க வேண்டுமானால் நீதிமன்றமோ அதற்கு இணையான அதிகாரமோ உத்தரவிட வேண்டும், அல்லது உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் போன்ற கூட்டாட்சி அமைப்புகள் நடத்தும் விசாரணைக்கும், விபத்தில் சிக்கியவருக்கு அவசர மருத்துவ உதவி தருவதற்கும் எடுக்கலாம். சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கும் எடுக்கலாம், ஆனால் உரிமையாளர் விவரமும் வாகன அடையாள எண்ணும் வெளியே போகக்கூடாது. இதற்கு முன்பே மாநிலங்கள் தொடங்கிவிட்டன. முதலில் சட்டம் போட்டது கலிபோர்னியா, 2004-ல் அது நடைமுறைக்கு வந்தது, பிறகு பதினேழு மாநிலங்கள் வரை தனிச் சட்டம் வந்தது.

போலீஸ் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2013-ல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பொதுச் சாலையில் யாரும் பார்க்கக்கூடிய வேகத்திலும் பிரேக்கிலும் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்ற பக்கம் சாய்ந்தது. 2017-ல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரண்ட் வேண்டும் என்றது. 2019-ல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த இடத்தில் வாரண்ட் இல்லாமல் காரிலிருந்து பதிவை இறக்கியது நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது திருத்தத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. கடைசி இரண்டும்தான் சரி என்பது என் கருத்து. சாலையோரம் நிற்பவர் ஒரு கார் வேகமாகப் போவதைப் பார்க்கலாம், ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம் அழுத்தப்பட்டது என்பதை அவரால் பார்க்க முடியாது. அதைப் பார்க்க காருக்குள் கேபிள் சொருக வேண்டும். சொருகுவது சோதனை. சோதனைக்கு வாரண்ட் வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி விஷயத்தில் பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. பதிவு காரின் உரிமையாளருக்குச் சொந்தம் என்கிறது சட்டம். பெரிய விபத்தில் கார் தேறாது என்று முடிவானால் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு காரின் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். அந்தக் கையெழுத்தோடு கார் அவர்களுடையது. உள்ளே இருக்கும் பதிவு? கார் போன வழியே அதுவும் போகும். வழக்கு வருமோ என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வழக்கறிஞரைப் பாருங்கள், தேவைப்பட்டால் உங்கள் தரப்பில் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சில மாநிலங்கள் ஓரளவு பாதுகாப்புத் தருகின்றன. வர்ஜீனியாவில், பதிவைத் தர மறுத்தார் என்ற காரணத்துக்காக மட்டும் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கக்கூடாது. இன்னொன்று: விபத்துக்குப் பிறகு, வழக்கு வரும் என்று தெரிந்தும் பதிவை அழிக்க முயன்றால், ஆதாரத்தை அழித்த குற்றச்சாட்டு உங்கள் தலையில் விழும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2024 டிசம்பரில் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. மோதலுக்கு முந்தைய பதிவு 5 நொடியிலிருந்து 20 நொடியாகிறது, நொடிக்கு இரண்டு முறை என்பது பத்து முறையாகிறது. உங்கள் பழைய காருக்கு இது பொருந்தாது, எதிர்கால மாடல்களுக்குத்தான். ஓட்டுநர் ஆபத்தை எப்போது உணர்ந்தார், எப்படித் திருப்பினார் என்பது ஐந்து நொடிக்குள் அடங்காத விபத்துகள் உண்டு, அதனால் பொறியியல் ரீதியில் இதற்கு நியாயம் இருக்கிறது. அதே நேரம் 20 நொடியில், 60 மைல் வேகத்தில் போகும் கார் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதற்குள் ஓட்டுநர் செய்த, விபத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன வேக மீறலும் வழக்கில் வந்து நிற்கும். பதிவு நீளும்போது அதைத் திறக்கும் விதியும் அதற்கேற்ப இறுக வேண்டும், அது நடக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு வழியில் போயிருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இ.டி.ஆர். கட்டாயம். ஆனால் பதிவு வண்டிக்குள்ளேயே மூடிய சுற்றில் இருக்க வேண்டும், வாகன அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அதில் இருக்கக்கூடாது, எடுத்த தரவு குறிப்பிட்ட வண்டியையோ உரிமையாளரையோ காட்டிக்கொடுக்கக்கூடாது. கருவியைக் கட்டாயமாக்கும் சட்டத்திலேயே அந்தரங்கத்தையும் எழுதிவைத்துவிட்டார்கள்.

இனி அந்த இன்னொரு கருவி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல கார்களில் செல்போன் சிம் பொருத்திய மோடம் இருக்கிறது. போனிலிருந்தே காரைத் திறப்பது, ஏ.சி. போடுவது, விபத்தானால் தானாக உதவி அழைப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். அந்த மோடத்துக்கு மோதல் தேவையில்லை. எப்போது கிளம்பினீர்கள், எங்கே நின்றீர்கள், எத்தனை முறை சடன் பிரேக் போட்டீர்கள் என்று தினமும் கம்பெனி சர்வருக்கு அனுப்ப அதனால் முடியும். இ.டி.ஆர். காருக்குள்ளேயே கிடக்கும், யாராவது வந்து கேபிள் சொருகினால்தான் பேசும். மோடம் அனுப்பியது உங்கள் காரிலேயே இல்லை, எங்கோ இருக்கிறது, நீங்கள் காரை விற்ற பிறகும் இருக்கும்.

இது என்ன செய்யும் என்பதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி காட்டியது. செவ்ரோலே போல்ட் கார் ஒன்றை லீசுக்கு எடுத்து ஓட்டிய ஒருவருக்கு இன்சூரன்ஸ் கட்டணம் 21 சதவீதம் ஏறியது. காரணம் தேடிப் போய், லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். வந்தது 258 பக்கம். அதில் 130 பக்கத்துக்கு மேல் அவரும் மனைவியும் ஆறு மாதத்தில் அந்தக் காரில் போன 640 பயணங்கள். ஒவ்வொன்றும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எத்தனை மைல், எங்கெல்லாம் வேகம் கூடியது என்பதல்ல, எத்தனை முறை கூடியது, எத்தனை முறை பலமாக பிரேக் போட்டார்கள் என்ற கணக்கு. இந்தத் தரவைக் கொடுத்தது செவ்ரோலே கார்களைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ். ஓட்டும் திறனை மேம்படுத்த என்று சொல்லி 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற பெயரில் நடத்திய திட்டத்தின் வழியாக அது போயிருக்கிறது. அந்தத் திட்டத்தில் தாங்கள் சேர்ந்திருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விபத்தே நடக்கவில்லை, வாரண்டும் இல்லை, நீதிபதியும் இல்லை. இதே இன்சூரன்ஸ் கம்பெனி அவருடைய இ.டி.ஆர். பதிவைக் கேட்டிருந்தால் 2015 சட்டம் குறுக்கே நின்றிருக்கும். அந்தச் சட்டம் பாதுகாப்பது இ.டி.ஆர். பதிவை மட்டும்தான், மோடம் அனுப்பும் தரவு அதன் எல்லைக்குள் வராது. விபத்துக்கு முந்தைய ஐந்து நொடிக்கு இருக்கும் பாதுகாப்பு ஆறு மாதப் பயணங்களுக்கு இல்லை. என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

செய்தி வெளியான சில நாட்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தகவல் நிறுவனங்களுக்குத் தருவதை நிறுத்தியது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் எடுத்த நடவடிக்கையில், சில நேரம் 3 நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் திரட்டப்பட்டது என்று குற்றம் சாட்டியது. இருப்பிடத்தையும் ஓட்டும் பழக்கத்தையும் நுகர்வோர் தகவல் நிறுவனங்களுக்குத் தர ஐந்தாண்டுத் தடை என்பது உடன்படிக்கையில் இருந்தது. ஒரு நிறுவனம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் செனட்டர்கள் ரான் வைடனும் எட் மார்க்கியும் வெளியிட்ட கடிதத்தின்படி, ஹோண்டா 97,000 கார்களின் தரவுக்கு 25,920 டாலர் வாங்கியிருக்கிறது, அதாவது காருக்கு 26 சென்ட். ஹூண்டாய் 17 லட்சம் கார்களுக்கு, காருக்கு 61 சென்ட். ஒரு மனிதர் எப்படி ஓட்டுகிறார் என்ற விவரத்துக்கு அவர்கள் வைத்த விலை ஒரு டாலர்கூட இல்லை. அந்த விவரத்தால் அவருக்கு ஏறும் இன்சூரன்ஸ் கட்டணம் அதைப் போலப் பல நூறு மடங்காக இருக்கலாம்.

விற்காவிட்டாலும் கசியும். 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட் சேமித்து வைத்திருந்த சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவு பாதுகாப்பில்லாமல் கிடந்தது தெரியவந்தது. அதில் 4,60,000 கார்களுக்குத் துல்லியமான இருப்பிடமும் இருந்தது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் அமைப்பு இதை அம்பலப்படுத்தியது. யார் எந்த மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினார் என்று மாதக்கணக்கில் பார்க்க முடிந்தால் அது வெறும் 'வாகனத் தரவு' இல்லை.

டாஷ்போர்டுத் திரையையும் மறந்துவிடாதீர்கள். போனை இணைத்தால் தொடர்பு எண்கள், அழைப்புகள், குறுஞ்செய்திகள் எல்லாம் பல கார்களில் அதற்குள் தங்கிவிடும். இதற்கு எதிராக வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின் கீழ் கார் நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகளை, பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2023-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளிவிட்டது.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இ.டி.ஆரைத் தொட வேண்டாம், அதை எடுப்பதென்றால் உயிர் காக்கும் ஏர்பேக்கையும் சேர்த்து எடுப்பதாகும். விபத்து நடந்தால் யார் கேட்டாலும் வாய்மொழியாகச் சம்மதம் சொல்லாதீர்கள், எழுத்தில் கேட்கச் சொல்லி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். இன்சூரன்ஸ் படிவங்களில் "வாகனத் தரவைப் பெற ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மோடத்தைப் பொறுத்தவரை, காரின் திரையிலும் கம்பெனி ஆப்பிலும் தரவுப் பகிர்வு அமைப்புகளைத் திறந்து, ஓட்டும் பழக்கம், மதிப்பெண், 'பயண அறிக்கை' போன்ற பெயரில் இருப்பதையெல்லாம் அணையுங்கள். கலிபோர்னியா போன்ற அந்தரங்கச் சட்டம் உள்ள மாநிலத்தில் இருந்தால் உங்கள் தரவை விற்கக்கூடாது, அழிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லெக்சிஸ்நெக்சிஸிடம் உங்களைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், நியாயக் கடன் அறிக்கைச் சட்டத்தின்படி அவர்கள் தர வேண்டும். சிலர் மோடத்தின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். செய்யலாம், ஆனால் விபத்தில் தானாக உதவி அழைக்கும் வசதியும் போய்விடும். சில கார்களில் மைக்கும் சேர்ந்து நின்றுவிடும். வீட்டில் வயதானவர் தனியாக ஓட்டும் கார் என்றால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

செகண்ட் ஹேண்ட் கார் என்பதால் உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதை இன்றே செய்யுங்கள். காரின் பழைய உரிமையாளர் தன் போன் ஆப்பிலிருந்து இந்தக் காரை நீக்கியிருக்காவிட்டால், கார் இப்போது எங்கே நிற்கிறது என்று அவரால் பார்க்க முடியும், சில மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும். திரையில் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் ரீசெட் கொடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. பழைய கணக்கு கம்பெனி சர்வரில்தான் இருக்கும். கம்பெனியின் இணைப்புச் சேவைக்குப் போன் செய்து, வாகன அடையாள எண்ணையும் உரிமைப் பத்திரத்தையும் காட்டி, பழைய கணக்கை நீக்கச் சொல்லுங்கள். நீக்கியதற்கான உறுதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.